ஒரே மாதிரி தெரியும் இரண்டு கிரீம் கலர்: ஹாலுக்கு எது என்று முடிவு செய்ய முழுமையான வழிகாட்டி

நீலமா ரோஸா என்று யாரும் அதிகம் திணறுவதில்லை. ஷேட் கார்டில் பக்கத்துப் பக்கத்தில் இருக்கும் இரண்டு கிரீம்களில் எது என்பதில்தான் வீடே நாலு நாள் நின்றுவிடும். கடைசியில் அலுத்துப்போய், "ரெண்டும் ஒண்ணுதான், ஏதாவது ஒண்ணை அடிங்க" என்று பெயிண்டரிடம் சொல்லிவிடுவார்கள். ஹால் முழுக்க அடித்து முடித்த பிறகுதான் இரண்டும் ஒன்றல்ல என்று தெரியும். ஒன்று சாயங்கால வெயிலில் மஞ்சள் ஏறி நிற்கும். இன்னொன்று ராத்திரி டியூப்லைட்டில் லேசாகப் பச்சை அடிக்கும்.

எங்கள் வீட்டிலும் சொந்தக்காரர்கள் வீடுகளிலும் இந்த வேலைக்குக் கூடவே நின்றிருக்கிறேன். பெரும்பாலும் கண் ஏமாற்றுவதில்லை. பார்க்கிற வரிசைதான் தப்பாகிறது. அதனால் கீழே உள்ளவற்றை எண் வரிசையிலேயே செய்யுங்கள். கிரீம், ஐவரி, ஆஃப் ஒயிட் போன்ற வெளிர் நிறங்களை மனதில் வைத்து எழுதுகிறேன். பெயிண்டர் வருவதற்கு ஒரு வாரம் முன்பே தொடங்கினால் அவசரம் இருக்காது.

1. மாறாத பொருட்களை முதலில் முடித்துவிடுங்கள்

சுவர் தன் நிறத்தை மட்டும் காட்டாது. தரை, கதவு, திரைச்சீலை, விளக்கு எல்லாம் அதன் மேல் விழுந்துகொண்டே இருக்கும். வெளிர் நிறம் இதையெல்லாம் அப்படியே வாங்கிக்கொள்ளும். சிவப்பு ஆக்சைடு தரை உள்ள பழைய வீட்டில் சுவரின் கீழ்ப்பாதி மத்தியான வெளிச்சத்தில் லேசாகச் சிவந்து தெரியும். அதே கிரீம், சாம்பல் நிற விட்ரிஃபைட் டைல்ஸ் போட்ட ஃபிளாட்டில் சோர்ந்து போய்த் தெரியும்.

ஆகவே தரையில் டைல்ஸ் மாற்றப் போகிறீர்கள் என்றால் அதை முதலில் முடியுங்கள். முடியாவிட்டால் வாங்கப் போகிற டைல்ஸில் ஒன்றையாவது கொண்டு வந்து சுவரோரம் போடுங்கள். கதவுக்கு வார்னிஷா எனாமலா என்பதும் இப்போதே முடிவாக வேண்டும். தேக்கு நிலையின் செம்பழுப்பு பக்கத்தில் இருந்தால் சாம்பல் கலந்த ஐவரி இன்னும் சாம்பலாகத் தெரியும்.

எல்லோரும் மறப்பது விளக்கை. நம் வீடுகளில் அதிகம் இருக்கும் வெள்ளை எல்இடி டியூப்லைட்டின் பெட்டியில் 6500 கெல்வின் என்று போட்டிருக்கும். நீலம் கலந்த வெள்ளை வெளிச்சம் அது. 2700, 3000 என்று இருந்தால் பழைய குண்டு பல்பு போல மஞ்சள் வெளிச்சம். ஒரே சுவர் இந்த இரண்டு வெளிச்சத்திலும் இரண்டு நிறமாகத் தெரியும். சொந்தக்காரர் ஒருவர் வீட்டில் டியூப்லைட்டில் பார்த்து, மஞ்சள் கூடுதலாக உள்ள கிரீமை அடித்தார்கள். கிரகப்பிரவேசத்துக்கு நாலு நாள் முன்பு ஃபால்ஸ் சீலிங் போட்டு மஞ்சள் விளக்கு வைத்தார்கள். ராத்திரி ஹால் முழுக்க மாம்பழத் தோல் நிறம். பெயிண்ட்டில் குறையே இல்லை, வரிசைதான் மாறிப்போனது. விளக்கை மாற்றும் எண்ணம் இருந்தால், கலர் பார்ப்பதற்கு முன்பே மாற்றுங்கள்.

2. கையில் தயாராக இருக்க வேண்டியவை

பெரிய செலவில்லை. ஒன்றரை அடிக்கு இரண்டடி அளவில் ஐந்து பலகைகள் வேண்டும். மெல்லிய பிளைவுட்டோ ஹார்ட்போர்டோ போதும். பிளைவுட் கடையில் வெட்டிப்போட்ட துண்டுகளே கிடைக்கும். சார்ட் பேப்பர் வேண்டாம். பெயிண்ட் பட்டதும் அது சுருண்டுகொள்ளும், சுருண்ட இடத்தில் விழும் நிழல் நிறத்தை மாற்றிக் காட்டும்.

அத்துடன் கொஞ்சம் வெள்ளை பிரைமர், ஒரு சின்ன ரோலர், பென்சில், நோட்டு. சுவருக்கு ரோலரில் அடிக்கப் போகிறீர்கள் என்றால் பலகைக்கும் ரோலர்தான். பிரஷ் விடும் கோடுகளும் ரோலர் விடும் சின்னப் புள்ளிகளும் வெளிச்சத்தை வேறு வேறு விதமாகத் திருப்பும்.

நான்கு பலகைகள் இரண்டு கலருக்கு, கலருக்கு இரண்டு. ஐந்தாவது, சீலிங்குக்கு அடிக்கப் போகும் வெள்ளைக்கு. அது எதற்கு என்பது கீழே வருகிறது.

3. கடையில் நிறத்தைப் பார்க்காதீர்கள், வித்தியாசத்தைக் கண்டுபிடியுங்கள்

கடை விளக்கில் உங்கள் ஹால் தெரியாது. அங்கே "எது அழகு" என்று கேட்பதில் பயனில்லை. "இரண்டுக்கும் நடுவில் எதில் வித்தியாசம்" என்பதை மட்டும் கண்டுபிடித்துக்கொண்டு வாருங்கள். அது தெரிந்துவிட்டால் வீட்டில் எதைத் தேட வேண்டும் என்பதும் தெரிந்துவிடும்.

வித்தியாசம் மூன்றே வழிகளில் வரும். ஒன்று மற்றதைவிட அடர்த்தியாக இருக்கலாம். அல்லது ஒன்று மஞ்சள் பக்கமும் மற்றது ரோஸ் அல்லது பச்சைப் பக்கமும் சாய்ந்திருக்கலாம். அல்லது ஒன்று பளிச்சென்றும் மற்றது சாம்பல் தட்டியும் இருக்கலாம். பல நேரம் இதில் இரண்டு சேர்ந்தே வரும்.

கண்டுபிடிக்க எளிய வழி: இரண்டு சீட்டிலும் உள்ள வெள்ளை ஓரத்தை மடித்துவிட்டு, நிறமும் நிறமும் உரசுகிற மாதிரி ஒட்டி வையுங்கள். நடுவில் வெள்ளைக் கோடு இருந்தால் கண் இரண்டையும் அந்த வெள்ளையோடு ஒப்பிடுமே தவிர, ஒன்றை மற்றதோடு ஒப்பிடாது. கடைக்கு வெளியே வந்து, நேர் வெயில் படாத நிழலில் நின்று பாருங்கள்.

அப்புறம், அந்தச் சீட்டிலேயே மற்ற வரிசைகளைப் பாருங்கள். பெரும்பாலான ஷேட் கார்டுகளில் ஒரே சாயல் வெளிரிலிருந்து அடர்த்தி வரை அடுக்கப்பட்டிருக்கும். மேலே இருக்கும் இரண்டு கிரீமும் ஒன்றாகத் தெரிந்தாலும், அடர்த்தியான ஓரத்தில் ஒன்று கடுகு நிறத்தில் முடியும், மற்றது களிமண் நிறத்தில் முடியும். கிரீமுக்குள் ஒளிந்திருப்பது அதுதான். கடுகில் முடிவது வீட்டில் மஞ்சள் அடிக்கும். களிமண்ணில் முடிவது ரோஸோ பழுப்போ அடிக்கும்.

சில கம்பெனிகள் எல்.ஆர்.வி. என்று ஓர் எண் தருகின்றன. அந்த நிறம் எவ்வளவு வெளிச்சத்தைத் திருப்பி அனுப்பும் என்பதற்கான அளவு அது. 0 என்றால் முழுக் கறுப்பு, 100 என்றால் முழு வெள்ளை. இரண்டு கிரீமின் எண்ணும் கிட்டத்தட்ட ஒன்றாக இருந்தால் வித்தியாசம் அடர்த்தியில் இல்லை, சாயலிலோ சாம்பல் தட்டுவதிலோதான் இருக்கிறது என்று பொருள். எண் ஒன்றாக இருப்பதால் நிறமும் ஒன்று என்று நினைத்துவிடக் கூடாது.

4. சாம்பிள் வாங்கும்போது

இரண்டு சாம்பிளும் ஒரே கம்பெனி, ஒரே ரகம், ஒரே பளபளப்பில் இருக்க வேண்டும். ஒன்று மேட், மற்றொன்று லேசான பளபளப்பு என்றால் நீங்கள் ஒப்பிடுவது நிறத்தை அல்ல. பளபளப்பு உள்ளது ஜன்னல் வெளிச்சத்தைத் திருப்பி அடித்து ஒரு பக்கம் வெளுத்தும் இன்னொரு பக்கம் அடர்ந்தும் தெரியும்.

"அந்தக் கம்பெனி கலரின் கோடு (code) எண்ணை இந்தக் கம்பெனி பெயிண்ட்டில் போட்டுத் தருகிறேன்" என்று கடைக்காரர் சொன்னால், ஒன்றுக்கொன்று தூரமான நிறங்களுக்குப் பரவாயில்லை. இரண்டு கிரீமுக்கு நடுவில் முடிவு எடுக்கும்போது அது வேண்டவே வேண்டாம். நீங்கள் தேடுகிற வித்தியாசத்தைவிட அந்த மாற்றத்தில் வரும் வித்தியாசம் பெரிதாக இருக்கலாம்.

கேட்டால் சின்ன சாம்பிள் டப்பா தரும் கடைகள் உண்டு. இல்லாவிட்டால் ஒவ்வொன்றிலும் ஒரு லிட்டர் வாங்க வேண்டியிருக்கும். மொத்த ஹாலுக்கு ஆகும் செலவோடு பார்த்தால் இது சின்னத் தொகை. தேர்வாகாத லிட்டர் ஸ்டோர் ரூமுக்கோ அலமாரிக்குள்ளோ போய்விடும்.

ஒன்று மட்டும் நினைவில் இருக்கட்டும். கிரீமுக்கு டின்டிங் மெஷின் விடும் சாயம் மிகக் கொஞ்சம். சின்ன டப்பாவுக்கு அதைவிடவும் குறைவு. அதில் சிறு பிசகு வந்தாலும் நிறத்தில் தெரிந்துவிடும். எனவே டப்பாவைத் திறந்ததும் ஷேட் கார்டோடு ஒருமுறை ஒத்துப் பாருங்கள், காய்ந்த பெயிண்ட்டை வைத்து.

5. பலகையைத் தயார் செய்தல்

நேராகச் சுவரிலேயே அடித்துப் பார்த்தால் என்ன என்று எல்லோரும் கேட்பார்கள். மூன்று சிக்கல் உண்டு. பழைய சுவரின் நிறம் சுற்றிலும் நின்று கண்ணைக் கெடுக்கும். பழைய நீலச் சுவரின் நடுவில் வைத்தால் எந்தக் கிரீமும் ஆரஞ்சு போலத் தெரியும், பச்சைச் சுவரில் வைத்தால் ரோஸ் அடிக்கும். அடுத்து, ஒரு சுவரில் அடித்ததை இன்னொரு சுவருக்குத் தூக்கிக்கொண்டு போக முடியாது. மூன்றாவது, சாம்பிள் அடித்த கட்டத்தின் ஓரம் தடித்து நின்று, உப்புத்தாள் போட்டுத் தேய்க்காவிட்டால் கடைசி கோட்டுக்குப் பிறகும் சதுரமாகத் தெரியும்.

பலகைக்கு முதலில் பிரைமர் ஒரு கோட். பிளைவுட்டின் பழுப்பு மேலே வராமல் அது தடுக்கும். காய்ந்ததும் பெயிண்ட் இரண்டு கோட், டப்பாவில் போட்டிருக்கும் இடைவெளி விட்டு. ஒரு கோட்டோடு நிறுத்தினால் அடியில் இருக்கும் வெள்ளையும் சேர்ந்து தெரியும், நிறம் வெளிரித் தோன்றும். டப்பாவில் சொன்னதைவிட அதிகம் தண்ணீர் விட்டாலும் இதே கதைதான். பலகையின் விளிம்பு வரை அடியுங்கள், வெள்ளை ஓரம் விடாதீர்கள்.

அடித்த கையோடு பார்த்து முடிவு செய்யாதீர்கள். எமல்ஷன் ஈரமாக இருக்கும்போது பால் கலந்தது போல வெளிரி இருக்கும், காயக் காய அடரும். ஒரு முழு நாள் விடுங்கள். ஐப்பசி, கார்த்திகை மழையில் இன்னொரு நாள் சேர்த்து.

காய்ந்ததும் பலகையின் பின்பக்கம் 1, 2 என்று மட்டும் எழுதுங்கள். கலரின் பெயரையோ விலையையோ எழுத வேண்டாம். பெயரில் "சந்தனம்" என்று இருந்தால் வீட்டில் பாதிப்பேர் பெயருக்கே ஓட்டுப் போட்டுவிடுவார்கள். எது எந்த எண் என்பது உங்கள் நோட்டில் மட்டும் இருக்கட்டும்.

6. எங்கே, எப்படி வைப்பது

பலகையைத் தரையில் கிடத்தியோ மேஜையில் வைத்தோ பார்க்காதீர்கள். கிடக்கும் பலகை மேலிருந்து வரும் வெளிச்சத்தை நேராக வாங்கும், நிற்கும் சுவர் சாய்வாக வாங்கும். சுவரை ஒட்டி, கண் உயரத்தில் நிறுத்த வேண்டும்.

பழைய சுவரின் நிறத்தை மறைக்க நான் செய்வது, ஒரு வெள்ளை வேட்டியைச் சுவரில் ஆணியடித்துத் தொங்கவிட்டு அதன் முன் பலகையை வைப்பது. இதில் நானே ஒருமுறை ஏமாந்தேன். அன்று எடுத்தது நீலம் போட்டு வெளுத்த வேட்டி. அதன் முன்னால் இரண்டு கிரீமும் ஒரே மாதிரி மஞ்சளாகத் தெரிந்தன, வித்தியாசமே பிடிபடவில்லை. வேட்டியை எடுத்துவிட்டு ஐந்தாவது பலகையை, அதாவது சீலிங் வெள்ளை அடித்ததை, நடுவில் வைத்ததும் ஒன்றில் இருந்த பச்சை பளிச்சென்று வெளியே வந்தது. கம்ப்யூட்டர் பேப்பரிலும் இதே தொந்தரவுதான். பளிச்சென்று தெரிய அதில் சேர்க்கும் பொருள் பகல் வெளிச்சத்தில் நீலமாக ஒளிரும். நாள் முழுக்க உங்கள் சுவருக்குப் பக்கத்தில் இருக்கப் போவது சீலிங்தான், அதனால் சீலிங் வெள்ளையை வைத்தே பாருங்கள். வேட்டி தொங்கவிட்டால் நீலம் போடாததாக எடுங்கள்.

முதலில் இரண்டு கலரையும் ஒட்டி வைத்துப் பாருங்கள். கடையில் கண்ட வித்தியாசம் வீட்டு வெளிச்சத்திலும் அப்படியே இருக்கிறதா என்பதை அறிய இது. அதன் பிறகு ஒன்றை எடுத்து வேறு அறையில் வைத்துவிட்டு, ஒன்றை மட்டும் பாருங்கள். அரைமணி கழித்து மாற்றி வையுங்கள். இந்த இரண்டாவது பார்வையில்தான் முடிவே இருக்கிறது. உங்கள் ஹாலில் அடிக்கப் போவது ஒரே கலர். பக்கத்தில் ஒப்பிட இன்னொன்று அங்கே இருக்கப் போவதில்லை. ஒட்டி வைக்கும்போது பெரிதாகத் தெரிந்த குறை, தனியாக வைத்தால் பல நேரம் காணாமல் போய்விடும். தனியாக வைத்தும் உறுத்துகிற குறைதான் உண்மையான குறை.

வைக்க வேண்டிய இடங்கள் மூன்று: ஜன்னலுக்கு எதிர்ச்சுவர், ஜன்னல் இருக்கிற சுவர், ஒரு மூலை. ஜன்னல் உள்ள சுவர்தான் பகலில் ஹாலிலேயே இருட்டானது, சாம்பல் தட்டும் நிறம் அங்கேதான் அழுக்காகத் தெரியும். மூலையில் ஒரே கலரின் இரண்டு பலகைகளையும் எல் வடிவில் சேர்த்து வையுங்கள். கலருக்கு இரண்டு பலகை கேட்டது இதற்குத்தான். ஒரு சுவரின் நிறம் மறு சுவரில் விழுந்து இரண்டும் ஏறிக்கொள்ளும். நாலு சுவரும் அடித்த பிறகு சீட்டில் பார்த்ததைவிட நிறம் தூக்கலாக இருக்கக் காரணம் இதுதான். மூலையில் பார்த்தால் அதை முன்கூட்டியே கொஞ்சம் பார்த்துவிடலாம்.

7. எந்த நேரத்தில் பார்ப்பது

காலை 8, மத்தியானம் 1, மாலை 5, இரவு 8. குறைந்தது இரண்டு நாள். ஒரு நாள் மேகமாக இருந்தால் நல்லதே.

மேற்குப் பார்த்த ஹாலில் மாலை 4 மணிக்கு மேல் வரும் வெயில் எல்லாவற்றையும் மஞ்சளாக்கும். அங்கே மஞ்சள் சாய்ந்த கிரீம் இரட்டிப்பாகும். கிழக்குப் பார்த்ததில் இது காலையில் நடக்கும். வடக்கு ஜன்னலில் வெயிலே வராது, வெளிச்சம் நாள் முழுக்க ஒரே சீராக இருக்கும் என்று வெளிநாட்டுக் குறிப்புகளில் படித்துவிட்டுச் சிலர் வருவார்கள். நம் ஊருக்கு அது முழுதாகப் பொருந்தாது. சென்னையில் ஏப்ரல் கடைசியிலிருந்து ஆகஸ்ட் பாதி வரை நடுப்பகல் சூரியன் தலைக்கு வடக்கே சாய்ந்திருக்கும். அந்த மாதங்களில் வடக்கு ஜன்னலிலும் வெயில் எட்டிப் பார்க்கும். ஆகவே எந்த மாதத்தில் பார்க்கிறீர்கள் என்பதையும் கணக்கில் எடுங்கள்.

பக்கத்து வீட்டுச் சுவரையும் பாருங்கள். நாலடிச் சந்துக்கு அப்பால் கிளிப்பச்சைச் சுவர் இருந்து, அதில் வெயில் விழுந்தால், உங்கள் ஜன்னல் வழியாக வருவது பச்சை வெளிச்சம். அப்படிப்பட்ட ஹாலில் பச்சைப் பக்கம் சாய்ந்த கிரீமை முதலிலேயே ஒதுக்கிவிடலாம்.

இரவுப் பார்வையைச் சோம்பலில் விட்டுவிடாதீர்கள். பகலில் ஒன்றேபோல் இருக்கும் இரண்டு நிறங்கள் எல்இடி வெளிச்சத்தில் பிரிந்து போகலாம். உள்ளே கலந்திருக்கும் சாயங்கள் வேறு வேறு என்பதால் இப்படி ஆகும். வேலைக்குப் போகிறவர்கள் ஹாலில் உட்காருவதே ராத்திரியில்தான்.

வெயிலிலிருந்து உள்ளே வந்ததும் பார்க்காதீர்கள். ஐந்து நிமிடம் உட்கார்ந்து தண்ணீர் குடித்துவிட்டுப் பாருங்கள், கண் அறைக்குப் பழகட்டும். பார்த்ததும் நோட்டில் எழுதுங்கள், நேரமும் ஒரு சொல்லும் போதும்: "மாலை 5, 1: மஞ்சள். 2: சரி." மறுநாள் நினைவில் வைத்து ஒப்பிட முடியாது, நிறத்தை மனசு அவ்வளவு துல்லியமாகப் பிடித்து வைக்காது.

போனில் படம் எடுத்து வெளியூரில் இருக்கும் அக்காவுக்கு அனுப்பிக் கருத்துக் கேட்பது இப்போது வழக்கமாகிவிட்டது. போன் ஒவ்வொரு படத்திலும் வெளிச்சத்தைத் தானாகச் சரி செய்துகொள்ளும். நீங்கள் தேடும் வித்தியாசத்தையே அது அழித்துவிடும், இல்லாததை உண்டாக்கியும் விடும். அக்கா கருத்து வேண்டுமானால் பலகையைப் பார்க்க நேரில் வரட்டும்.

8. யாரெல்லாம் பார்ப்பது

வீட்டில் இருப்பவர்கள் மட்டும், தனித்தனியாக. ஒருவர் "பச்சையா இருக்கு" என்று சொல்லிவிட்டால் அடுத்தவருக்கும் பச்சையாகவே தெரியும். வயதானவர்களின் கண்ணில் உள்ள லென்ஸ் மெல்ல மஞ்சளாகும், அதனால் அப்பாவுக்குத் தெரியாத மஞ்சள் மகளுக்குத் தெரியலாம். இருவர் சொல்வதும் சரிதான். பகலில் அந்த ஹாலில் அதிக நேரம் உட்காருவது யாரோ, அவர் கண்ணுக்கு முன்னுரிமை கொடுங்கள்.

9. நோட்டைப் பார்த்து முடிவெடுப்பது

எது அதிக முறை "சரி" வாங்கியது என்று எண்ணாதீர்கள். எது, எந்த நேரத்தில், எவ்வளவு உறுத்தியது என்று பாருங்கள். மத்தியானம் 1 மணிக்கு யாரும் இல்லாத ஹாலில் கொஞ்சம் சாம்பலாகத் தெரிவது பெரிய குறையல்ல. ராத்திரி 8 மணிக்கு எல்லோரும் சாப்பிட உட்காரும்போது பச்சை அடிப்பது குறைதான்.

இரண்டும் சமமாக வந்தால் என் வழக்கம் இது: வெளிச்சம் குறைந்த ஹாலுக்கு எல்.ஆர்.வி. கூடுதலாக உள்ளது. வெளிச்சம் நிறைய வரும் ஹாலுக்குச் சாம்பல் தட்டியது. நாலு சுவரில் ஏறும்போது நிறம் தானாகவே கொஞ்சம் தூக்கலாகிவிடும் என்பதால், பளிச்சென்ற கிரீம் அங்கே அலுத்துவிடும். தனியாக வைக்கும்போது எந்த நேரத்திலும் வித்தியாசமே தெரியவில்லை என்றால் உங்கள் ஹாலைப் பொறுத்தவரை இரண்டும் ஒரே கலர். விலை குறைந்ததை எடுத்துக்கொள்ளலாம்.

இந்தக் கட்டத்தில் மூன்றாவது கலரைக் கொண்டு வராதீர்கள். இரண்டையும் பாதிப்பாதி கலந்து அடித்துவிடலாம் என்றும் ஒரு யோசனை வரும். கலவைக்குக் கோடு எண் கிடையாது. ஆறு மாதம் கழித்துச் சோபா உரசிய இடத்தில் டச்சப் பண்ண அதே நிறம் திரும்பக் கிடைக்காது.

10. முழு அறைக்கு வாங்கும்போது

தேவையான மொத்தத்தையும் ஒரே தடவையில் வாங்குங்கள். தனித்தனி டின்களில் லேசான வித்தியாசம் வரலாம். எல்லாவற்றையும் ஒரு பெரிய வாளியில் கொட்டிக் கலந்து பிறகு அடிக்கச் சொல்லுங்கள். அது முடியாவிட்டால் ஒரு சுவரின் நடுவில் டின் மாறாமல், மூலையில் மாறும்படி பார்த்துக்கொள்ளுங்கள்.

முதல் டின்னைத் திறந்ததும் தேர்வான பலகையின் ஓரத்தில் ஒரு விரல் தடவிக் காய விடுங்கள். தடம் தெரியாமல் கலந்துவிட்டால் மேலே அடிக்கலாம். தெரிந்தால் அப்போதே கடைக்குப் போன் செய்யுங்கள். ஒரு கோட் அடித்த பிறகு கேட்டால் அந்தப் பேச்சு வேறு மாதிரி போகும்.

வேலை முடிந்ததும் அரை லிட்டரை இறுக மூடி லாஃப்ட்டில் வையுங்கள். கம்பெனி, ரகம், கோடு எண், தேதி நான்கையும் ஒரு சீட்டில் எழுதி, ஹால் அலமாரிக் கதவின் உட்பக்கம் ஒட்டிவிடுங்கள். டின்னின் மூடியில் இருக்கும் எழுத்து பெயிண்ட் வழிந்து மறைந்துவிடும். அலமாரிக் கதவில் இருப்பது அப்படியே இருக்கும்.